கத்தி பட்டதால் அல்ல

என்றும் என் அப்பாவாகவே இருக்கிறவருக்கு,

இல்லை. நீங்கள் தேய்த்ததால் இல்லை. பிளேடால் சீவியதாலும் இல்லை. மதுரையில் ஊசி குத்தி எடுத்தார்களே, அதனாலும் இல்லை.

பதில் வந்துசேர இத்தனை வருடங்கள் ஆகிவிட்டன. நீங்கள் கேட்டது கட்டிலில் படுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. "நான் தேச்சதாலதான் பரவிருச்சோ பாப்பா?" தெரியலப்பா என்றேன். அன்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்துகொண்டு வந்தபோது கேட்கிற நிலையில் நீங்கள் இல்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் தம்பி. செபஸ்தி சித்தப்பாவின் வலது குதிகாலில் ஒரு கறுப்பு இருக்கிறது. தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போன மதிய நேரத்தில் தையல் கடை பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். கால்கள் வாசலைப் பார்த்து நீட்டியிருந்தன. பார்த்துவிட்டேன். பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியவில்லை.

அது உங்களுக்கு வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். கால் ஆணியாக இருக்கலாம். எங்கோ மிதித்துக் கன்றிய ரத்தமாக இருக்கலாம். பார்த்துச் சொல்லக்கூடியவர் திண்டுக்கல்லிலேயே இருக்கிறார், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில். சித்தப்பா வரமாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால் உங்களைக் காரணம் சொல்கிறார்.

அதனால் உங்களிடமே பேசவேண்டியிருக்கிறது.

உங்கள் கறுப்பு எப்போது வந்தது? யாருக்கும் தெரியாது. உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? கோயில் தெருக் கடையில் இரண்டு தையல் மிஷின்கள், ஒன்றில் நீங்கள், ஒன்றில் சித்தப்பா. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் பெடலை மிதிப்பீர்கள். அந்த இரும்புப் பெடலின் பூவேலை உங்கள் பாதத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். மிஷின் எண்ணெய் வேறு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா தேங்காய் நாரும் சோப்பும் எடுத்துக் கொடுப்பாள். எல்லாக் கறையும் போகும். வலது உள்ளங்காலில் ஒன்று மட்டும் போகவில்லை.

பெடல் கறை என்று நீங்களே பெயர் வைத்தீர்கள். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"கறையில்லண்ணே, மச்சம். உள்ளங்கால்ல மச்சம் வந்தா வெளிநாடு போவாங்கன்னு சொல்லுவாங்கள்ல. துபாய்க்கு விசா வந்துருச்சு."

"நான் துபாய் போயிட்டா இந்த ஸ்கூல் யூனிபாரத்த எல்லாம் ஒன் மாமனாரா வந்து தைப்பாரு?"

சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தோம். கடைக்குப் பாண்ட் தைக்கக் கொடுக்க வந்தவர்கூடச் சிரித்தார்.

பிறகு அது கொஞ்சம் தடித்தது. மிதிக்கும்போது உறுத்தியது. மருந்துக்கடைக்காரர் பார்க்காமலேயே ஆணி என்றார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர்கள் திரும்பும் சமயம். கடை முழுக்கக் கால்வலிக்காரர்கள். ஆணி பிளாஸ்திரி கொடுத்தனுப்பினார். அது ஊறி வெளுத்ததும் நூல் பிரிக்கிற பிளேடால் நீங்களே சீவினீர்கள். கொஞ்சம் ரத்தம். பிறகு ஆறியது. பிறகு மறுபடி கறுத்தது.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பங்குச் சாமியார் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் நீங்களும் ஒருவர். பூசையில் உதவுகிற பீடப் பையன்களுக்கு அங்கி தைத்தே பாதி வாழ்க்கை போயிருந்தது உங்களுக்கு. ஒருமுறைகூட அந்த வரிசையில் உங்களை உட்காரவைத்ததில்லை. வீட்டுக்கு வந்து சொல்லும்போது குரல் மாறியிருந்தது.

நான் பல்கலைக்கழக விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். புதன்கிழமை நாள் முழுக்க நீங்கள் பாதம் தேய்த்தீர்கள். முதலில் நார். அப்புறம் துணி துவைக்கிற கல். அம்மா சத்தம் போட்டாள்.

"தோலையே உரிச்சுப்புடுவீங்க போலருக்கு. விடுங்க."

"சாமியாரு கையி படப்போற காலுடி. அழுக்கா வச்சுக்கிட்டா போயி நீட்டுறது?"

ரத்தம் வந்தது. கறுப்பு போகவில்லை. கசிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் கோயிலில் பதினொரு பேர் வலது காலை நீட்டினார்கள். நீங்கள் இடது காலை நீட்டினீர்கள். சாமியார் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு இடது காலிலேயே ஊற்றித் துடைத்து முத்தமிட்டார். பூசை முடிந்து வெளியே வரும்போது சித்தப்பா விடவில்லை. "சேசுவோட சீடருங்கள்ல எடது காலக் காட்டுன ஒரே சீடரு எங்கண்ணன்தான்." உங்களுக்கு வெட்கம். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

பல நாட்கள் இதை யோசித்திருக்கிறேன். வலது காலை நீட்டியிருந்தால்? ஒன்றும் ஆகியிருக்காது. அவரும் கறையைத்தான் பார்த்திருப்பார். கறைக்குள் நோயைப் பார்க்கிற கண் அந்தக் கோயிலில் யாரிடமும் இல்லை. என்னிடமும்.

புண் ஆறவில்லை. சாயங்காலத்தில் கட்டுத்துணி நனைந்திருக்கும். இடது காலால் பெடல் மிதிக்கப் பழகினீர்கள். பிறகு வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம். அதற்கும் நம்மிடம் பெயர் தயாராக இருந்தது. நெறி. காலில் புண் இருந்தால் தொடையில் நெறி கட்டும். குழந்தைக்குக்கூடத் தெரியும். அம்மா செங்கலைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். தெரு டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மாத்திரை எழுதினார். நெறி அப்படியே இருந்தது.

பின்னால்தான் எனக்கு விளக்கினார்கள். புண்ணால் கட்டுகிற நெறி பெரும்பாலும் வலிக்கும், தொட்டால் கத்துவோம், புண் ஆறினால் அடங்கும். உங்களுடையது வலிக்கவில்லை. கல்லாக இருந்தது. விரலால் தள்ளினால் நகரவில்லை. வலிக்கவில்லையே என்று நாம் சந்தோஷப்பட்டோம்.

தோல் டாக்டரிடம் போனது யாரோ சொல்லி. நினைவிருக்கிறதா அப்பா அந்தம்மாவை? சின்ன வயசு, சன்னமான குரல். உங்கள் காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். நீங்கள் பதறி இழுத்தீர்கள்.

"இருக்கட்டும். எம்புட்டு நாளா இருக்கு?"

"அது சும்மா பெடல் கறைங்க டாக்டர். மச்சம்னும் சொல்றாங்க."

"அம்பது வயசுல புதுசா வர்ற மச்சத்த நாங்க நம்புறதில்ல. டைலரா நீங்க? அப்ப உங்களுக்கே தெரியும். இத நடுவால மடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காருமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் பாதத்தை நீங்களே முதன்முறையாக ஒரு துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள்.

"உக்காராது. ஓரமெல்லாம் பிசிறு தட்டியிருக்கு."

"நிறம் பாருங்க."

கறுப்பு. அதன் பக்கத்தில் காப்பிப் பொடி நிறம். ஒரு மூலையில் நீலச் சாம்பல். புண் இருந்த இடத்தில் சதைச் சிவப்பு. ரவிக்கைத் துணிக்கு நூல் பொருத்திப் பொருத்திப் பழகிய கண்.

"இதுக்கு நாலு நூல்கண்டு கேக்கும் டாக்டர்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைத் தொடை இடுக்குக்குக் கொண்டுபோய் அழுத்தினார். சிரிப்பு நின்றது. அது நின்ற விதத்தில்தான் எனக்கு முதலில் தெரிந்தது.

வெயிலால் வருகிற நோய் என்கிறார்களே, வெயில் படாத இடத்திலும் வருமா என்று பின்னால் அவரைக் கேட்டேன். நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்கு அங்கேதான் அதிகம் வருமாம். உள்ளங்கால். உள்ளங்கை. நகத்துக்கு அடியில். நாம் பார்க்காத இடங்கள். பார்த்தாலும் அழுக்கு என்று நினைக்கிற இடங்கள்.

மதுரையில் கறுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். நெறிக்குள் ஊசியை விட்டு உறிஞ்சினார்கள். நான் கதவருகில் நின்றேன். ஊசிக்குள் ஏறியது ரத்தமில்லை. கறுப்பாக இருந்தது. மிஷினுக்கு விடுகிற எண்ணெய் பழசானால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணாடித் துண்டில் தடவினார்கள். நீங்கள், "அம்புட்டுத்தானா? வலிக்கவே இல்லையே" என்றீர்கள்.

மெலனோமா. தோலில் வருகிற ஒரு புற்றுநோய். முதல்முறை கேட்டபோது காதுக்கு இனிமையாக இருந்தது. அப்படித் தோன்றியதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா இன்றுவரை அதைச் சொன்னதில்லை. அந்தச் சீக்கு என்பாள்.

அங்கிருந்த டாக்டர் வயதானவர், அவசரமில்லாமல் பேசினார். "எவ்வளவு அகலம்கிறது இதுல பெரிசு இல்லம்மா. எவ்வளவு ஆழம் போயிருக்குங்கிறதுதான் கணக்கு." ஆழம் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. உங்கள் அளவுநாடாவில் இருக்கிற மிகச் சின்னக் கோடுகள். நீங்கள் ஒருபோதும் பயன்படுத்தாத கோடுகள். அந்த இரண்டு மூன்று கோடுகளுக்குள் ஒரு ஆயுள் இருக்கிறது. தோலின் மேல்மட்டத்திலேயே இருக்கும்போது வெட்டி எடுத்திருந்தால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். உங்களுடையது அந்தக் கோடுகளையெல்லாம் தாண்டியிருந்தது.

மார்பு எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாக வெள்ளை. வெளியே கறுப்பாக இருந்தது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. கால் முதலில், பிறகு தொடை, பிறகு நெஞ்சு. அது போன வழியை அவர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். மருந்து இருக்கிறது, கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார். கேட்கவில்லை.

காலில் கடுகு கடுகாகக் கறுப்புகள் கிளம்பின. கணுக்காலில் ஒன்று, ஆடுசதையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. அப்போதுதான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

மதுரைக்குப் போய் அதையே அந்த டாக்டரிடம் கேட்டேன். உங்கள் வார்த்தைகளிலேயே.

"தேய்ச்சதால பரவாதும்மா. நாங்க ஊசி வச்சதாலயும் பரவல. ஊசி வைக்கும்போதே அது தொடைக்கு வந்து உக்காந்திருந்துச்சு. அதனாலதானே அங்க ஊசி வச்சோம்."

இவ்வளவு எளிமையானது. கட்டி முதலில், ஊசி பிறகு.

"அப்ப சீவுனது, தேய்ச்சது ஒண்ணுமே பண்ணலையா?"

"மறைச்சுச்சு. மேல இருக்கிறத எடுக்க எடுக்க ஆறுன மாதிரி தெரியும். அதுல காலம் போயிருச்சு. அவரு நோயப் பரப்பல. யாரும் பாக்கலை, அவ்வளவுதான்."

பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்க பரப்பலப்பா. நீங்க பரப்பலப்பா. கொடைரோடு தாண்டியதும் மழை. வீட்டுக்குள் நுழைந்தபோது உங்களைச் சுற்றி ஆட்கள். காலையில் வலிப்பு வந்திருந்தது. தலைக்கும் போய்விட்டது என்று தெரு டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் கைகள் மேலே தூக்கியபடி எதையோ கோத்துக்கொண்டிருந்தன. காதருகே குனிந்து சொன்னேன். என்னை உங்கள் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். "நூலு தீந்துருச்சு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு என்னிடம் வேறொன்றும் சொல்லவில்லை.

ஊர் உங்கள் சாவிலிருந்து ஒரு பாடம் படித்தது அப்பா. தப்பான பாடம். உங்களைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே அது தொடங்கியது. அம்மாதான் சொன்னாள், மாரில் அடித்துக்கொண்டு. "சும்மா கெடந்ததக் குத்திக் கெளப்பிவிட்டுட்டாய்ங்களே." சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். யாரைக் குற்றம் சொல்வது? ஊசிக்கு முன்னால் நீங்கள் நடந்தீர்கள், தைத்தீர்கள், கிண்டல் பேசினீர்கள். ஊசிக்குப் பின்னால் செத்துப்போனீர்கள். முன்னும் பின்னும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆழம் தெரிவதில்லை.

கத்தி பட்டால் பரவும். நம் தெருவில் இப்போது இது சட்டம். "டைலருக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?" என்று கேட்டால் போதும், பேச்சு முடிந்துவிடும். மார்பில் கட்டியோடு இருந்த ஒரு அக்கா இப்படித்தான் டாக்டரிடம் போவதில்லை என்று முடிவெடுத்தாள். கடைசியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கடைசி நாளில் ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்தாராம்.

நல்ல மனுஷன் நீங்கள். உங்கள் பெயர் இப்படி உபயோகமாகும் என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.

இங்கே மற்றபடி செய்தி என்ன சொல்ல. நான் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி. நாலு வழிச் சாலை போடுகிறேன் என்று ஊரைச் சுற்றித் தோண்டி வைத்திருக்கிறார்கள். சித்தப்பா செல்போன் வாங்கியிருக்கிறார், சட்டைப் பையில் வைத்தால் நெஞ்சுக்கு ஆகாது என்று டிராயரில் வைத்துப் பூட்டுகிறார். மிஷின்களுக்கு மோட்டார் மாட்டியாகிவிட்டது. இருந்தும் வெறுங்கால்தான்.

போன வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவள் சொன்னால் கேட்பார் என்று ஒரு நினைப்பு.

"வந்துட்டாத்தா சி.ஐ.டி. இன்னைக்குமா?"

"செத்த நேரம் காலக் காட்டுங்க சித்தப்பா."

"காலப் பாக்கணும்னா வெத்தல பாக்கு, தட்டு, நாலு பெரியாளுகளோட முறையா வா. சும்மா வந்து காட்டுன்னா எப்படி?"

"வெளையாடாதீங்க."

"யாருத்தா வெளையாடுறா? எங்கண்ணன் காட்டுனாரு. குத்துனாய்ங்க. அம்புட்டுத்தான்."

"குத்துறதுக்கு முன்னாடியே நெறி இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"ஊசியே படாம அது எப்படி அங்க போச்சு?"

மோட்டாரைப் போட்டார். ஒரு சட்டையின் தோள் முழுக்கத் தைத்து முடிக்கும் வரை நிறுத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்தார்.

"பாப்பா, நீ படிச்ச புள்ள. நீ சொல்றது சரியாக்கூட இருக்கும். ஆனா எனக்கு இப்ப வலியில்ல. வலியில்லாத காலக் கொண்டுபோயிக் குடுத்துட்டு, வலியோட வாங்கிட்டு வரச் சொல்றியா?"

"ஒண்ணுமில்லைன்னே சொல்லிட்டா?"

"ஒண்ணுமில்லாததுக்கு நான் எதுக்குப் போகணும்?"

"ஏதாச்சும் இருந்துச்சுன்னா?"

"இருந்துச்சுன்னா போயி என்னத்துக்குத்தா? அண்ணனப் பாத்தேன்ல."

நான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவள் அப்பா. இத்தனை இறுக்கமாக ஒரு வாதத்தை நான் எழுதியதில்லை. நுழைய ஒரு இடுக்கு இல்லை. சீக்கிரம் பார்த்தால் வேறு மாதிரி முடியும், உங்களை நாங்கள் பார்த்தது தாமதம், அது ஒன்றுதான் வித்தியாசம் என்று சொன்னேன். சொன்னதைத் திரும்பவும் சொன்னேன். அவர் காலை மிஷினுக்கு அடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அம்மா அதுவரை வாசலில் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"இவரையாச்சும் நிம்மதியா விடுடி."

இவரையாச்சும். அந்த வார்த்தைக்குள் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. மதுரையில் அந்த ஊசிக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டவள் நான்தானே. அவள் இத்தனை வருடம் அதை வாயால் சொன்னதில்லை. அன்றும் முழுதாகச் சொல்லவில்லை. தெரு முழுக்க அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால்.

அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால். பைத்தியக்கார நினைப்பு. ஆனால் அவர் கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தான். அவர் பேச்சில் இன்றும் நீங்கள் நிகழ்காலத்தில் இருக்கிறீர்கள். எங்கண்ணன் சொல்லும், எங்கண்ணனுக்குப் புடிக்காது. உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு ரவிக்கைக் கழுத்து வெட்டச் சொல்லிக்கொடுத்தவர், இறந்த பிறகு டாக்டரிடம் போகாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று அவரிடம் எப்படி நிரூபிப்பது?

அவரைக் காப்பாற்றிவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் அப்பா. அது என் கையில் இல்லை. அந்தக் கறுப்பு என்னவென்றே எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அது அங்கே இருக்கிறது, கோடு கோடாக இறங்குகிறதோ, சும்மா கிடக்கிறதோ.

இதை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தோல் டாக்டரிடம் சித்தப்பா பெயருக்கு ஒரு டோக்கன் போடுவேன். போட்டதைக் கடைக்குப் போய் அவரிடம் சொல்வேன். அவர் வரும் வரை. அல்லது வர முடியாமல் போகும் வரை. நீங்கள் பரப்பவில்லை என்பதையும் கேட்பவர்களிடம் சொல்வேன், கேட்காதவர்களிடமும்.

உங்கள் மூத்த மகள்,
பாப்பா

பிற்சேர்க்கை: இன்று சனிக்கிழமை. எழுதி முடித்ததும் கிளம்பிப் போனேன். சித்தப்பா பெயருக்கு டோக்கன் போட்டேன், கடைக்குப் போய்ச் சொன்னேன், திரும்ப டாக்டரிடம் வந்து காத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.